பானையின் முதுகு

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியறையில், சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்துக்குத்தான் அனுமதி. முடிவில் ஒரு கண்காட்சி. அது தாளாளருக்குப் பிடித்தால் வகுப்பு தொடரும், பிடிக்காவிட்டால் அறை யோகா வகுப்புக்குப் போய்விடும். யோகா ஆசிரியர் ஏற்கெனவே வந்து பாய் எத்தனை விரிக்கலாம் என்று அளந்துவிட்டுப் போயிருந்தார்.

கடைசி மாதம் மண்பானையில் அலங்காரம் செய்யலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முப்பது வருடமாக நான் வரைந்ததெல்லாம் தட்டையானவை: சுவர், பலகை, காகிதம். உருண்டையாக நான் வரைந்தது ஒரே ஒரு பிறந்தநாள் பலூனில். அதுவும் வெடித்துவிட்டது.

ஆனாலும் வாத்தியார் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? "முதல்ல பேப்பர்ல டிசைன் போடுங்க. அப்புறம் பானையில சுத்தி அப்படியே எடுத்துக்கலாம்" என்றேன், கம்பீரமாக. டம்ளர் மாதிரி நேரான பொருளாக இருந்தால் சரியாகச் சுற்றியிருக்கும். பானைக்கோ வயிறு இருக்கிறது. காகிதம் வயிற்றில் கிழிந்து, கழுத்தில் சுருங்கி, பந்திக்குப் போய்வந்த என் வேட்டி மாதிரி ஆகிவிட்டது.

உடனே பின்வாங்கினேன். "முன்பக்கம் மட்டும் வரைங்க. சுவரோரமா வச்சுட்டா பின்பக்கத்த யாரு பாக்கப்போறாக?" மாதிரிக்கு நானே ஒரு பானையில் மயில் வரைந்து காட்டினேன். அழகான மயில்தான். பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது என்று பிரஷ்ஷை அங்கேயே துடைத்துக்கொண்டேன்.

மாணவர்களில் ஓர் அம்மா, கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடப் போகிறவர். என் பானையை மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சார், ஒங்க பானைக்கு முதுகே கிடையாதா?"

"முதுகு எதுக்கும்மா?"

"நல்லாருக்கு! உள்ளங்கையில மட்டும் போட்டுவிட்டு பொண்ண அனுப்புனா, மாப்பிள்ள வீட்டுல என்னய சும்மா விடுவாகளா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்; வேறு வழியில்லை.

அவர் பானையின் வயிற்றைச் சுற்றி ஒரு நூலை வைத்து, அளவுக்கு அறுத்து, மூன்று தடவை மடித்தார். அந்த எட்டு மடிப்புக்கும் பானையில் எட்டுப் புள்ளி. மருதாணி கோனில் பெயிண்ட்டை நிரப்பி, புள்ளிக்குப் புள்ளி கொடியை ஓட்டினார். "கைய அங்குட்டும் இங்குட்டும் ஆட்டாதீக. பானையத் திருப்புங்க" என்று பக்கத்து மேசைக்காரரை அதட்டினார். கிளம்பிய இடத்துக்கே கொடி வந்து சேர்ந்துகொண்டது. "இதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன். யாரும் நிமிரக்கூட இல்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமையில் எல்லாரும் தங்கள் பானையைத் திருத்திவிட்டார்கள், என்னைத் தவிர. வாத்தியாருக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

கண்காட்சியன்று தாளாளர் உள்ளே நுழைந்ததும், "என்னய்யா, சுவத்தோட ஒட்டி வச்சிருக்கீக? மேசைய நடுவுல இழுத்துப் போடுங்க, சுத்திப் பாக்கணும்ல" என்றார்.

மேசை நகர்ந்தது. நானும் கூடவே நகர்ந்து, மயிலை அவர் பக்கமாகத் திருப்பிவைத்தேன்.

ஒவ்வொரு பானையாகச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், மயிலுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். அங்கே பிரஷ் துடைத்த ஏழெட்டுக் கோடுகள்.

"இது யாரு செஞ்சது?"

நான் குனிந்து பக்கத்துப் பானையை நேராக்கினேன்.

"அது புதுசா சேந்தவுக அய்யா" என்றார் மருதாணி அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "இப்பத்தான் கை பழகுறாக."

தாளாளர் மயிலைப் பரிவோடு பார்த்தார். "ஆர்வம் இருக்கு, பாவம். பாதியில விட்டுறக்கூடாது. இவுக தேறுற வரைக்கும் வகுப்ப நடத்துங்க சார். யோகாவ மொட்டைமாடியில வச்சுக்கிறட்டும்."

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, மாணவர் வரிசையில் கூடுதலாக ஒரு நாற்காலி. அதன்முன் ஒரு பானை, ஒரு நூல்கண்டு.

இரண்டு வருடமாகிறது. மற்றவர்கள் குடுவை, கூஜா என்று எங்கேயோ போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னும் தேறவில்லை. தேறவும் மாட்டேன். தேறிவிட்டால் வகுப்பு என்னாவது?