பசை பூசிய மரைத்தண்டு

அச்சன்புதூருக்கு மேற்கே உள்ள எங்கள் குடும்பக் கிணற்றில் இரண்டு பங்கு. ஒன்று என்னுடையது, மற்றது என் பெரியப்பா மகனுடையது. அண்ணன் வேலைநிமித்தம் வெளியூரில் இருப்பதால், பயிர் முழுவதும் மதினியின் பொறுப்பு. மின் இணைப்பு இன்னும் வரவில்லை. டீசல் எஞ்சின் ஒன்றே இருவருக்கும் பொது. ஒரு நாள் அவர் இறைத்தால் மறுநாள் நான். நடுவில் பழுது நேர்ந்தால், அன்று யார் முறையோ அவருக்கே இழப்பு.

இந்த ஏற்பாட்டில் ஒரு தீமை இருந்தது. பழுதை முற்றாகத் தீர்க்க இருவருமே முனைவதில்லை. தத்தம் நாள் கழியும் அளவுக்கு ஒட்டுப்போட்டு எஞ்சினைக் கைமாற்றிவிடுவோம்.

மாசிக் கடைசியில், அவர் முறையன்று, காலையில் மதினி கைப்பேசியில் அழைத்தார். எஞ்சினின் தலைப்பகுதியில் புகை கசிந்ததாம். நட்டைத் தாமே இறுக்கியபோது, அதைத் தாங்கும் மரைத்தண்டு முறிந்துவிட்டதாம். பட்டறையில் அதைத்தான் ஸ்டட் என்பார்கள். என் நெல் ஏறக்குறைய விளைந்துவிட்டது. அவருடையதோ அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

நான் போனபோது மேலகரத்து மெக்கானிக் வந்துவிட்டிருந்தார். வளைகுடாவில் பல ஆண்டுகள் எஞ்சின் பார்த்துத் திரும்பியவர். தலைப்பகுதியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். முறிந்த தண்டு வார்ப்பிரும்புக்கு மேலே அரை விரல் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது. பைப் ரேஞ்சால் அதைக் கவ்வித் திருகினார். ரேஞ்சு வழுக்கியதே தவிரத் தண்டு அசையவில்லை.

"நூத்துக் கணக்குல கழத்திருக்கேன். இப்படிக் கல்லு மாதிரி ஒண்ணு நிக்கதப் பாத்ததில்ல" என்றார் அவர்.

"வாய்க்கால் தண்ணியக் கேக்கலாம்னா, ஐந்தருவியிலயே இப்ப எத்தன விழுதுன்னு போய் எண்ணித்தான் பாக்கணும்" என்றார் மதினி. பிறகு தம் வலக்கையை முறைத்துப் பார்த்தார். "இந்தப் பாழாப்போன கைக்கு நிதானம் கெடையாது, பாய். ஒரு திருகு கொறச்சுத் திருகியிருக்கலாம்."

நான் குனிந்து, கழற்றிப் போட்ட நட்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

ஒன்பது நாள் முன்பு, என் முறையில், அதே மரைத்தண்டு தளர்ந்து ஆடியது. புதிது வாங்கத் தென்காசிக்குப் போனால் என் பொழுது கழிந்துவிடும். ஆகவே தண்டைக் கழற்றி, இரண்டு களிம்புகளைக் கலந்தால் கல்லாய் இறுகும் பசையை மரையெங்கும் அப்பித் திருகிவைத்தேன். இறுகும்வரை காத்திருந்து, அன்றைய இறைப்பை முடித்தேன். தேய்ந்த தண்டு, இனி ஓங்கி இறுக்கக் கூடாது என்று மதினியிடம் சொல்லவில்லை.

மெக்கானிக் துளைக்கருவியை எடுத்தார். "இனி நடுவுல ஓட்டை போட்டுத்தான் எடுக்கணும். ஆனா அக்கா, முன்னாடியே சொல்லிப்புடுதேன். இந்தப் பக்கம் தண்ணி ஓடுத அறை. செவரு ரொம்ப மெலிசு. முனை கொஞ்சம் வெலகிச்சுன்னா பொத்துரும். அப்புறம் எஞ்சின் பழைய இரும்புக்குத்தான்."

மதினி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "போடுங்க. வேற என்ன செய்ய?"

கருவி சுழலத் தொடங்கியது. அதன் முனை தண்டின் முகத்தைத் தொட ஒரு நூலிழை இடைவெளி இருந்தது. நான் பேசாதிருந்தால் குற்றம் அவர் கையிலேயே தங்கிவிடும், எஞ்சினும் போய்விடக்கூடும்.

"பாய், நிறுத்துங்க" என்றேன். "மரையில பசை இருக்கு. நான்தான் பூசினேன்."

கருவியின் ஓசை அடங்கியது. மெக்கானிக் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன பசை? ரெண்டு கலந்து பெசையுததா?"

தலையசைத்தேன்.

"சூடு காட்டினா எளகும். இத மொதல்லயே சொல்லக்கூடாதா, சார்?"

மதினி என் பக்கம் திரும்பினார். "கொழுந்தனாரே, காலையில இருந்து என் கையை நானே வைஞ்சுக்கிட்டுக் கெடக்கேன். பக்கத்துலதான நின்னீய?"



மெக்கானிக் சிறு வாயுக் குழலைப் பற்றவைத்தார். நீலச் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் தண்டைச் சுற்றி வட்டமிடவைத்தார். ஒரே இடத்தில் நின்றால் வார்ப்பிரும்பு விரிசல்விடும் என்றார். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு தண்டின் அடியிலிருந்து மெல்லிய புகையும் கருகல் நாற்றமும் எழுந்தன. ரேஞ்சை மாட்டினார். ஒருமுறை அழுத்தினார், அசைவில்லை. மீண்டும் சுடர். மீண்டும் ரேஞ்சு. வறண்ட முனகல் ஒன்று கேட்டது.

"ஒடஞ்சிருச்சா?" என்றார் மதினி.

"பேசாதீங்க, அக்கா."

அரைக்கால் சுற்று. பின்னோக்கி அதில் பாதி. மறுபடி முன்னோக்கி. அவர் நெற்றி வியர்வை சூடான இரும்பில் சொட்டிச் சீறியது. பிறகு தண்டு தானாகவே வருவதுபோல் சுழன்று வெளியே வந்தது. மரையின் பள்ளங்களில் என் பசை கருகி ஒட்டியிருந்தது. எஞ்சினின் உள்மரைக்குச் சேதமில்லை.

மெக்கானிக் அதைத் துடைத்து, தாம் கொண்டுவந்திருந்த புதிய தண்டைப் பசையின்றிப் பொருத்தி, தலைப்பகுதியை மூடி எஞ்சினைக் கிளப்பியபோது பொழுது மேற்கே வெகுவாகச் சாய்ந்திருந்தது. குழாய் இருமி, காற்றைக் கக்கி, ஒருவழியாகத் தண்ணீரைக் கொட்டியது. மதினி மண்வெட்டியுடன் வரப்பில் இறங்கினார். பத்தடி நடந்து நின்றார்.

"நாளைக்கும் நான்தான் எறைப்பேன்."

"சரி மதினி. தாராளமா."

"கேக்கல, கொழுந்தனாரே. சொல்லுதேன்."

மதினியின் மேட்டு வயலில் ஒரு மூலை பதராகத்தான் போயிற்று. மற்றவை தேறின.