ஏழு நாள் ஊசி

சென்ற செவ்வாய்க்கிழமை சிரம்பான் ராசாவிலிருந்து டிரசர் மாணிக்கத்தின் மகள் தொலைபேசியில் அழைத்து, அப்பா போய்விட்டார் என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்ற பழைய சந்தேகம்தான் வந்தது.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் போரிட்ட அவசரகாலத்தில், சுவா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. அவர் தோட்ட ஆஸ்பத்திரியில் ஊசிபோட்டு மருந்து கொடுக்கும் டிரசர். அரிசியோ மருந்தோ காட்டிலிருந்தவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று எங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் போலீஸ் சோதனை. யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்களோ என்று எல்லாரும் அடங்கிப் பேசினோம். மாணிக்கம் மட்டும் சத்தமாகச் சிரிப்பார். அதுவே எனக்கு உறுத்தியது.

என் மனைவி செல்லம்மா நிமோனியாவில் மூச்சுத் திணறிக் கிடந்தாள். வாரமொருமுறை வரும் டாக்டர், பெனிசிலின் ஊசியோடு அப்போது புதிதாக வந்திருந்த கார்ட்டிசோன் மாத்திரையையும் கொடுக்கச் சொன்னார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். இனி ஊசி எதற்கு என்றேன்.

"இந்த மாத்திரை ஆள நல்லாயிட்ட மாதிரி காட்டும், கிராணியாரே. காய்ச்சல் எறங்குனத நம்பாதீங்க. கிருமியக் கொல்றது ஊசிதான். ஏழு நாள் போடணும்லா."

அவர் பையில் நிறையக் குப்பிகள் இருந்தன. தேறியவளுக்கு எதற்கு இத்தனை? மிச்சம் காட்டுக்குப் போகிறது என்று முடிவுகட்டி, மறுநாள் போலீஸ் அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

அவரைப் பையோடு சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். ஊசி நின்றது. வீட்டிலிருந்த மாத்திரையை மட்டும் கொடுத்துவந்தேன். மூன்றாம் நாள் செல்லம்மாவின் உதடு நீலம் பாரித்தது.

அன்று மாலை, டாக்டர் எழுதிய கடிதத்தால் அவரை விட்டார்கள். லாரியிலிருந்து இறங்கியவர் தம் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்து ஊசியைக் கொதிக்கவைத்தார். அந்தக் குப்பிகள் அவளுடைய மீதி நாள்களுக்கானவை. அவள் பிழைத்தாள்.

பிறகு ஒருநாள் சொன்னார்: "சந்தேகம் வந்தா என்கிட்டயே கேக்கச் சொல்லுங்க, கிராணியாரே. வேற எடத்துல போய்ச் சொன்னா சீக்காளிக்குத்தான் நாள் போவுது."

தெரிந்து சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா? அதன்பின் அவரைப் பார்த்தபோதெல்லாம் முகத்தில் அதைத் தேடினேன்.

இன்று காலைதான் செல்லம்மாவிடம் சொன்னேன். "அவர் இருக்கறப்பவே சொல்லியிருக்கணும்," என்றாள்.

அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும், அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது செல்லம்மா. மன்னிப்பை நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.