ஜெனரேட்டர் இல்லாத ஊரில் பாடியது

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடகத்துக் கிராமமான கௌதள்ளியில் எங்கள் பேண்டில் மூன்றே பேர். என் வீட்டுக்காரர் டிரம்ஸ், கொழுந்தன் எலக்ட்ரிக் கிடார், நான் பாட்டு. சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டோம். எல்லாம் நாங்களே கட்டியது. அதற்கு ராக் என்று பெயர் என்பதைக் கொழுந்தன்தான் சொன்னான். ராகி அறுத்த காலி நிலத்தில் டீசல் ஜெனரேட்டர் வைத்து வாசிப்போம். அதன் உறுமலோடு சேரும்படிதான் அவன் கிடார் தந்தியை முறுக்குவான். எங்களுக்கு ஸ்ருதி என்றால் அதுதான். அந்த இரைச்சலுக்கு மேல் நான் கத்துவேன். ஜனம் ஆடும். ஒரு வார்த்தையும் யாருக்கும் விளங்காது.

அந்தத் தைரியத்தில் மனசில் கிடந்ததையெல்லாம் பாட்டாக எழுதினேன். கல்யாணமான மூன்றாம் வருடம், இவரை விட்டுப் போய்விடலாம் என்று பையில் துணியை அடைத்துக்கொண்டு பக்கத்து டவுனான ஹனூருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறேன். அடிதடி ஒன்றும் இல்லை. ஒரு வாரமாக வீட்டில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான். பஸ் வரவில்லை. வெயில் ஏறியதும் திரும்பிவிட்டேன். இவருக்கு அது தெரியாது. அதைத்தான் பாட்டாக்கி, இவருக்கு இரண்டடி தள்ளி நின்று வருடக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்தேன்.

பிறகு இவருக்கு மைசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்தது. கொழுந்தனும் கூடவே வந்தான். தேவராஜ மொஹல்லாவில் வாழைக்காய் மண்டிக்கு மேலே வீடு. அதன் சொந்தக்கார அம்மா முதல் நாளே, சத்தம் கூடாது என்று கன்னடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். டிரம்ஸ் மேல் போர்வை போட்டு, குச்சிக்குப் பதில் விளக்குமாற்று ஈர்க்குகளைக் கட்டி இவர் தட்டினார். கொழுந்தன் கிடார் சத்தத்தைக் குறைத்து, ஃபோனில் ஸ்ருதி பார்த்தான். எங்கள் பாட்டெல்லாம் இரண்டு ஸ்ருதிக்கு நடுவில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. நன்றாகக் கீழே இறக்கினான். நான் கத்த வேண்டியதில்லாமல் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி என் குரல் தனியாகக் கேட்டது.

இனி ஒவ்வொரு வார்த்தையும் இவர் காதில் விழும். அந்த பஸ் பாட்டு வந்தால் மட்டும் முணுமுணுத்துவிட்டு விடுவேன். இவர் கோபக்காரர் இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்காகத் தன் சொந்த அண்ணனோடு பதினோரு வருடமாகப் பேசாதவர். அதற்கு வேறு வார்த்தைகள் எழுதி, சமைக்கும்போதெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

ஒரு காபிக்கடை மாடியில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிறு மத்தியானம் பழகும்போது, அந்தப் பாட்டின் பாதியில் கொழுந்தன் கிடாரை நிறுத்தினான்.

“அண்ணி, ஊர்ல அவ்ளோ கத்துனீங்க. இப்ப என்னமோ பல்லுவலிக்காரி மாதிரி மொனகறீங்களே?”

இவரும் சேர்ந்துகொண்டார். “வார்த்தையப் பாடு புள்ள. கேக்கறவங்க என்ன கடிச்சா திங்கப் போறாங்க?”

புது வார்த்தைகளைத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரி சரியாக வந்தது. மூன்றாவது வரியில், பழகின நாக்கு பழைய வழிக்கே போய்விட்டது. ‘பஸ்ஸு வந்திருந்தா போயிருப்பேன், பையில ரெண்டு சீலையோட.’ நிறுத்தினால் இன்னும் சந்தேகம் வரும் என்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை பாடினேன். ஈர்க்குச் சத்தம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. முடிந்ததும் அது நின்றது.

“இது உன் கதையா?” என்றார்.

“ஆமாங்க.”

கொழுந்தன் தந்தியைத் துடைக்கிறவன் போலக் குனிந்துகொண்டான்.

“இதுக்கா நான் இத்தன வருசமா குத்து அடிச்சுட்டிருந்தேன்?”

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினார். காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. பதினோரு வருடம் என்பதே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனார். ஐந்தரைக்கு வந்தார். கொழுந்தனிடம் மட்டும் பேசினார். “அந்தப் பாட்டுக்குக் குத்து வேணாம்டா, மெதுவா எடு.” பழைய வார்த்தைகளோடேயே அந்தப் பாட்டைப் பாதி வேகத்தில் இரண்டு முறை வாசித்தோம்.