இரண்டு கோடைக் கெடு

ஞாயிற்றுக்கிழமை காலையில், காபிக்கு முன்பே, தௌனோ தன் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பின் முன் குந்திவிடுவார். முந்தின நாள் குளியலுக்கு எரித்த விறகின் சாம்பலைத் தகர வாளியில் அள்ளி விரலால் துழாவுவார். பழைய பலகைகளின் ஆணிகள் அகப்படும். ஒவ்வொன்றையும் ஊதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொல்லையில் இருக்கும் கரும்பழம் காய்க்கும் ஒன்பது பிளாக்கரண்ட் புதர்களுக்கும் அடியில் வட்டமாகச் சாம்பல் தூவுவார். வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் நான் அதைப் பார்த்தபடிதான் காபி குடிப்பேன்.

தௌனோ எங்கள் ஊரான லெப்பவிர்த்தாவில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் புதர்கள்தான் அவருடைய பயணிகள்.

ஆனால் இலைகள் வெளுக்கத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை.

"உன் செடிக்கு மஞ்சக்காமாலை, தௌனோ," என்றார் மனைவி சைமி.

"சாம்பல் பத்தல."

ஒரு வாளி இரண்டானது. அந்த ஆகஸ்டில் ஒரு கிண்ணம் பழம்தான் தேறியது.

"ரெண்டு கோடை தர்றேன். ஒரு வாளி பழம் வரலைன்னா எல்லாத்தையும் பிடுங்கிட்டு உருளைக்கிழங்கு வைப்பேன்," என்று கெடு வைத்தார் சைமி.

தௌனோ பயந்துபோய் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவருக்குக் காது மந்தம். முடிவு சொல்ல அழைத்த தோட்ட ஆலோசகப் பெண்ணின் குரல் தொலைபேசியின் ஒலிபெருக்கியிலிருந்து வேலி தாண்டி வந்தது.

"சாம்பல் எவ்வளவு போடுறீங்க?"

"வாரம் ஒரு வாளி. இப்ப ரெண்டு."

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

"ஐயா, நீங்க தோட்டம் போடல, சுண்ணாம்புக் காளவாய் நடத்துறீங்க. இந்தச் செடிக்குக் கொஞ்சம் புளிப்பு மண் வேணும். சாம்பலால காரம் ஏறிப்போனா, மண்ணுல இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது."

சமையலறை சன்னலில் சைமி விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த ஞாயிறு, தௌனோ சாம்பல் வாளியோடு கொல்லை நடுவில் வெகுநேரம் நின்றார். பிறகு தூரத்தில், பாசி பிடித்த புல்தரையில் கொட்டினார். சதுப்பிலிருந்து புளிப்பான கரிய மண் வந்தது. குதிரை லாயத்திலிருந்து மக்கிய எரு. வேர்கள் மேலாகவே ஓடுவதால் மண்வெட்டி வைக்காமல் கையாலேயே பரப்பினார். கிழட்டுக் கிளைகளை அடியோடு வெட்டினார். முதல் கோடையில் நுனி இலைகள் மட்டும் பச்சையாயின. தினமும் எண்ணிப் பார்த்தார்.

இரண்டாம் ஆகஸ்டில் முக்கால் வாளி பழம். அதைப் படியில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

"குறையுது, சைமி."

"வாளி பெருசு," என்று ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டார் சைமி. "உருளைக்கிழங்கு கடையில கிடைக்கும்."

மறு வருடம் சைமியின் தங்கை வந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கெடு வைத்த அதே இலையுதிர்காலத்தில், சைமி புதருக்கு ஒரு குச்சியாக வெட்டிக்கொண்டுபோய்த் தங்கையின் தோட்டத்தில் ஊன்றியிருக்கிறார். ஒன்பதும் பிடித்துவிட்டனவாம்.