துலக்கிய தகடுகள்

கூரைக்கும் சுவருக்கும் போடுகிற வண்ண ஷீட் விற்கும் ராஜபாளையத்துக் கம்பெனி ஒன்றில் சோதனை பார்ப்பது என் வேலை. ஷீட்டில் துண்டு வெட்டி, பெயிண்டின் மேல் குறுக்கே கீறல் போட்டு, மொட்டைமாடியில் சாய்த்து வைத்துவிடுவேன். கீறலிலிருந்து துரு எவ்வளவு பரவுகிறது என்று பார்க்க வேண்டும். வெயிலும் மழையும் தவிர வேறெதுவும் அதைத் தொடக் கூடாது. வற்றல் காயப்போடுகிற உத்தியோகம் என்று என் மனைவி கேலி செய்வாள்.

இந்த முறை வைத்தது இரண்டு வரிசை. ஒன்றில் பூச்சு கனம், மற்றதில் மெலிசு. செட்டியார்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஷெட்டுக்குக் கூரை மாற்ற வேண்டும், எந்த ஷீட் என்பதுதான் கேள்வி. அங்கே குளோரின் புகை இரும்பைத் தின்றுவிடும். மெலிசு வரிசையோ எங்கள் மாடியிலேயே தாங்கவில்லை. பெயிண்ட் கொப்பளித்துத் துரு ஒழுகியிருந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் படம் எடுத்து முதலாளியிடம் காட்டலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து மாடியேறினால் அத்தனை தகடும் பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். பூஜையன்று எதுவும் அழுக்காக இருக்கக் கூடாதென்று, கூட்டிப் பெருக்கும் அக்கா புளியும் தேங்காய் நாரும் வைத்துத் துலக்கியிருந்தார். கீறலை ஒட்டிய பெயிண்டையும் எல்லாத் தகட்டிலும் ஒன்றுபோலச் சுரண்டி எடுத்துவிட்டார். திட்ட வாயெடுத்தேன். ஆனால் என் ஸ்கேலுக்கும் நாற்காலிக்கும்கூடப் பொட்டு வைத்திருந்த மனுஷியை எப்படித் திட்டுவது?

முதலாளி வந்து இரண்டு வரிசையையும் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு. மெலிசே போதும்” என்றார். நான் துருவைக் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். அது இப்போது எங்கே, காட்டு என்றார். மறுபடி வைத்துப் பார்க்கச் சில மழைக்காலமாவது வேண்டும். ஷெட்டோ பொங்கலுக்குள் முடிந்தாக வேண்டும். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை.

லாரியில் மெலிசு ஷீட்டை ஏற்றிய அன்று அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மகள் அந்த ஷெட்டில்தான் துணி மடிக்கிறாளாம். பழைய கூரையிலிருந்து துருத் தண்ணீர் சொட்டி வெள்ளைத் துணி கறையானால் மடிக்கிற பெண்களுக்குத்தான் ஏச்சு விழுமாம். இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும்.

“இனிமே அவ ஏச்சு வாங்க மாட்டால்லா சார்? நீங்க பாத்து அனுப்புத ஷீட்டுல்லா” என்றார்.

“மாட்டாக்கா” என்றேன்.