பசறையில் எட்டு லீட்டர் எண்ணெய்

காலை ஒன்பதரைக்குப் பதுளையை விட்டோம். லுணுகலைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து நான் மட்டக்களப்புக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எதிரேயிருந்த விடுதியில் மூன்று நாள் என் பக்கத்து அறையில் தங்கியிருந்த செல்வம், "நம்ம வண்டியிலயே போயிரலாம், வாங்க" என்றார். பின்தட்டில் மரக்கறி ஏற்றி அவர் பிழைக்கும், கியர் தானாக மாறும் ஆட்டோ கியர் கெப் வண்டி அது. பின் இருக்கையில் நான். முன் இருக்கையில் அவர் மனைவி புஷ்பம், இடுப்பில் அகலமான பட்டியோடு. முதுகில் சத்திரசிகிச்சை முடிந்து அன்றுதான் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சாலை சமமாகும் இடங்களில் வண்டி நடுங்கியது. கல் பரப்பிய தரையில் ஓடுவதுபோல் இரண்டு மூன்று விநாடி, பிறகு அடங்கும். ஒவ்வொரு முறையும் புஷ்பம் கதவுப் பிடியை இறுக்கினார். செல்வம் வேகத்தை முப்பதுக்குக் குறைத்தார்.

"என்னயப் பாக்காம ரோட்டப் பாருங்க," என்றார் புஷ்பம்.

கியர்பாக்ஸ் முடிந்தது, வண்டியை விற்றுவிடுங்கள் என்று பதுளையில் ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தாராம். அதை மனைவியிடம் சொல்லவில்லை என்று செல்வம் முந்தின நாள்தான் என்னிடம் சொன்னார்.

10.40. பசறையில், எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மெக்கானிக் ரஃபீக்கின் கராஜில் நிறுத்தினோம்.

"எப்ப நடுங்குது?" என்று கேட்டார் நானா.

"ஏத்தத்துல," என்றார் செல்வம்.

"இல்ல நானா," என்றார் வண்டிக்குள்ளிருந்த புஷ்பம். "ஏத்தத்துல நல்லாத்தான் இழுக்குது. சமமான எடத்துல, அம்பதுல, கால லேசா வச்சிருந்தா மட்டுந்தான். எனக்கு முதுகுல தெரியுதுங்க."

புஷ்பத்தை இறக்கி உட்காரவைத்துவிட்டு நானா வண்டியை ஓட்டிப் பார்த்தார். நடுங்கும்போது பிரேக்கை மெல்லத் தொட்டதும் நடுக்கம் நின்றதாம். "கியர்பாக்ஸ் போகல்ல," என்றார் திரும்பி வந்து. என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வேர்ட்டர், சீரான வேகத்தில் உள்ளே ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளுமாம். எண்ணெய் பழசானால் அந்தப் பூட்டு பிடித்தும் வழுக்கியும் உதறும்; பிரேக்கைத் தொட்டால் பூட்டு விட்டுவிடும்.

இறக்கிய எண்ணெய் கறுத்திருந்தது. நானா விரலில் தேய்த்து முகர்ந்தார். கருகல் வாடையும் இல்லை, இரும்புத் தூளும் இல்லை. அந்த வண்டிக்குரிய எண்ணெயில் நான்கு லீட்டர் ஊற்றினார்.

ஓட்டிப் பார்த்து வந்த செல்வம் "சரியாப் போச்சு" என்றார். புஷ்பம் எழுந்தார். "நானும் வர்றேன்."

"வேணாம் புள்ள, வலிக்கும்."

"ஒங்களுக்குச் சரின்னு தோணுனா போதுமா?"

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சமதரையில் புஷ்பம் கண்ணை மூடினார். "இருக்கு. கொஞ்சமா."

நானா கோபிக்கவில்லை. "சரியாத்தான் சொல்றாங்க. ஒரு தடவ எறக்குனா பாதிதான் வரும். மிச்சம் கன்வேர்ட்டருக்குள்ள நிக்கும்." இன்னொரு நான்கு லீட்டர் இறக்கி, ஊற்றி, சூடேறியதும் அளவு பார்த்தார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வரச் சொன்னார்.

12.50. பசறையைத் தாண்டினோம். ஐம்பது. ஐம்பத்தைந்து. சமதரைதான்.

"இல்லங்க," என்றார் புஷ்பம்.

செல்வம் ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். "விக்கச் சொன்னாங்க புள்ள."

"என்னமோ இருக்குன்னு தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவர் பிடரியில் கை வைத்தார் புஷ்பம். நான் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு லுணுகலை. எங்கள் ஊர் மட்டக்களப்பில் சாலை முழுக்கச் சமதரை. இத்தனை வருடம் அதில் வண்டி ஓட்டியும், பக்கத்தில் இருப்பவருக்கு வலிக்கிறதா என்று நான் ஒருநாளும் வேகத்தைக் குறைத்ததில்லை.

நான் பையை இறக்கும்போது புஷ்பம், "வீட்டுக்கு அப்புறம் போவலாங்க. இப்ப முதுகு நோகல, இன்னுங் கொஞ்சம் ஓட்டுங்க," என்றார்.

அவர்கள் வீடிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பாதையைத் தாண்டி, கெப் நேரே பிபிலை வீதியில் போய்க்கொண்டிருந்தது.