அவர் வாங்கி வந்த காதல் நாவல்

டீசல் வாசனையும் மல்லிகை வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தால், எனக்குக் கல்யாணமான புதுசு ஞாபகம் வந்துவிடும்…

தொண்ணூறுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் உத்திரமேரூரில் டிராக்டர் மெக்கானிக். சாயங்காலம் எங்கள் ஊரான பெருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது சட்டையெல்லாம் டீசல், கையில் பூப்பொட்டலம். அதை என்னிடம் நீட்டிவிட்டு நேராகக் குளிக்கப் போய்விடுவார். பேச்சென்று பார்த்தால் "சாப்டியா", "வரேன்"… அவ்வளவுதான்.

நான் பழையசீவரத்துப் பெண். மாத நாவல் கிடைத்தால் எனக்குச் சோறு வேண்டாம். இதை என் தம்பி அவரிடம் சொல்லிவிட்டான் போல. ஒரு நாள் பூவோடு ஒரு காதல் நாவலும் வந்தது. பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கியிருக்கிறார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் மாமியார் கழனிக்குப் போனதும் ஒரே மூச்சில் படித்தேன். சப்பென்று ஆகிவிட்டது…

கதாநாயகன் மில் முதலாளி. எந்நேரமும் கோட்டு. கதவில் சாய்ந்து நின்று முறைப்பதுதான் வேலை. அவனிடம் வேலை பார்க்கும் டைப்பிஸ்ட் பெண் நல்ல கெட்டிக்காரி. அவளைப் புத்தகம் முழுக்க அதட்டுகிறான். கடைசி இரண்டு பக்கத்தில் அவளுக்குத் திடீரென்று காதல் வந்து, வேலையை விட்டுவிட்டு அவன் தோளில் சாய்ந்துவிடுகிறாள்.

சாயங்காலம் அவர் கேட்டார். "புக்கு எப்டி கீது?"

"சாப்டியா"வை விட்டால், அவராக வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஆசையாக வாங்கி வந்தவரிடம் எப்படிச் சொல்வது?

"நல்லா கீதுங்க."

அதற்கப்புறம் புத்தகத்தைக் காணவில்லை. அவரும் ஆளே மாறிப்போனார். வந்ததும் நிலைப்படியில் கையைக் கட்டிச் சாய்ந்து நிற்பார். புருவத்தைச் சுருக்கி என்னையே பார்ப்பார். "காபி. உடனே" என்று ஒரு அதட்டல்.

மாமியாருக்கே பொறுக்கவில்லை. "இன்னாடா, மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீற? வயிறு சரியில்லியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். பையில் துணியை வைக்கும்போது, திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை…

அவர்தான் பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"நீ போகக்கூடாது. இது என் கட்டளை."

பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் கொடுக்காமல் நின்றுவிட்டார்.

எனக்கு அந்த வசனம் தெரியும். மில் முதலாளி ரயில்வே ஸ்டேஷனில் சொல்வது.

"ஏங்க… இது அந்த புக்குல வர்றதுதான?"

அவர் முகம் செத்துப்போனது. "வொர்க் ஷாப்புல வச்சிக்கினு படிச்சேன். நீதான நல்லா கீதுன்ன. உனுக்கு அப்டிப்பட்ட ஆளுதான் புடிக்கும்னு நெனச்சேன்."

"சும்மா சொன்னேங்க. எனுக்குக் கொஞ்சம்கூட புடிக்கல."

அப்படியே ரோட்டோரத்து மதகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா… நானும் அதான் நெனச்சேன். மொறைச்சிக்கினே கீறானே, அந்த மில்ல யார் ஓட்றது?"

சிரிக்க ஆரம்பித்தோம். பஸ் போயே போய்விட்டது. அந்தக் கதையைப் பக்கம் பக்கமாகப் பேசியே கிழித்தோம். அவர் இவ்வளவு பேசுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு வேலைய உட்டா? எனுக்கு அதான் ஆத்திரம்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நானும் டைப்பிங் பாஸ் பண்ணவதாங்க… வேலைக்குப் போணும்னு ஆசை."

"போயேன். யார் வாணான்னது? ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போலாம்."

அடுத்த பஸ்ஸில் என்னோடு அவரும் அம்மா வீட்டுக்கு வந்தார். ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் உத்திரமேரூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன்.

அப்போதெல்லாம் பழையசீவரம் போவதென்றால் பஸ் மாறி மாறி அரை நாள் ஓடிவிடும். இப்போது கார் இருக்கிறது. அவர் வொர்க் ஷாப் கதை ஒன்றை ஆரம்பித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது…

அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும், மீதியைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.